844-ல் ஆரம்பித்த கணக்கு!

யாழ்ப்பாணம் நூலகம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

தீ. அப்படித்தானே?

உங்கள் மேல் தப்பில்லை. அந்த நூலகத்தைப் பற்றி வந்த கவிதைகள், கட்டுரைகள், ஆவணப்படங்கள், மேடைப் பேச்சுகள் எல்லாமே 1981-ல்தான் ஆரம்பிக்கின்றன. எரித்தது யார், எத்தனை புத்தகம் எரிந்தது, எத்தனை மணி நேரம் எரிந்தது... இதையெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். அதே நேரம், ரொம்ப சாதாரணமான ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

எரிப்பதற்கு அங்கே ஒரு நூலகம் எப்படி வந்தது?

மன்னர் யாராவது கட்டினாரா? இல்லை. வெள்ளைக்கார கவர்னர் ஒருவர் பெயரில் எழுப்பினார்களா? அதுவும் இல்லை. நம்ம சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு கன்னிமாரா பிரபு இருந்தார். யாழ்ப்பாணத்துக்கு அப்படி ஒரு பிரபு கிடையாது. கோர்ட்டில் வேலை பார்த்த ஒரு மனிதர் இருந்தார். அவ்வளவுதான்.

அவர் பெயர் க.மு.செல்லப்பா.

கதை 1933-ல் தொடங்குகிறது. செல்லப்பா தன் வீட்டிலேயே கொஞ்சம் புத்தகங்களை அடுக்கி வைத்து, வேண்டியவர்களுக்கு இலவசமாகப் படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘கொடுத்தால் திரும்பி வருமா?’ என்று பயந்து, புத்தக அலமாரிக்குப் பூட்டு போடுகிற வீடுகளை நமக்குத் தெரியும் (நம் வீடே அப்படித்தான் என்பது வேறு விஷயம்). இவர் திறந்து வைத்தார். அதோடு நிற்கவில்லை. ‘யாழ்ப்பாணத்துக்கு ஒரு பொதுவான இலவசத் தமிழ் நூலகம் வேண்டும், எல்லோரும் உதவுங்கள்’ என்று ஊருக்கே ஒரு வேண்டுகோள் விட்டார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? சேர்ந்துகொண்டது!

அது ஏன் என்று புரிய, அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணற்று நீரை நம்பிய விவசாயம். பெரிய தொழிற்சாலைகள் இல்லை. அங்கே ஒரு குடும்பம் முன்னுக்கு வர வேண்டுமென்றால் பையன் படிக்க வேண்டும். படித்து ஒரு உத்தியோகம் பார்க்க வேண்டும். கொழும்போ, மலாயாவோ, எங்கே ரயில்வேயிலும் தபால் ஆபீஸிலும் வேலை கிடைக்கிறதோ அங்கே போக வேண்டும். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். படிப்புதான் அந்த மண்ணின் முதல் சாகுபடி!

அதற்கான வரப்பும் வாய்க்காலும் 19-ம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டுவிட்டன. 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். 1841-ல் ‘உதயதாரகை’ என்று தமிழில் ஒரு பத்திரிகையே வந்துவிட்டது. மிஷனரிகளுக்குப் பதில் சொல்லும் விதமாக ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார்; அச்சுக்கூடமும் போட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேரும் யார் என்று நினைக்கிறீர்கள்? சி.வை.தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்!

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ‘நூலகம் வேண்டும்’ என்று கேட்டால் காது கொடுக்காமல் இருப்பார்களா?

1934-ம் ஆண்டு ஜூன் 9-ம் தேதி, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். நீதிபதி சி.குமாரசுவாமி போன்ற பெரிய மனிதர்கள் முன்னால் நின்றார்கள். கமிட்டி அமைத்தார்கள். நம்ம ஊர் கமிட்டிகளின் வழக்கப்படி என்றால், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கே ஆறு மாதம் ஆகியிருக்கும். அவர்களுக்கு ஏழே முக்கால் வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன அறையில் நூலகம் திறந்தாயிற்று.

அன்றைக்கு இருந்த புத்தகங்கள் மொத்தம் 844. கூடவே முப்பது சொச்சம் பத்திரிகைகள்.

இந்த 844 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம். ஒரு நல்ல காரியத்தை நாலு பேர் ஆர்வத்தில் ஆரம்பிப்பது சுலபம். அந்த நாலு பேருக்கும் வயதாகும், வேலை மாற்றல் வரும், சண்டைகூட வரும். அதற்கப்புறம் அதை யார் நடத்துவது? செல்லப்பாவும் கமிட்டிக்காரர்களும் ‘இது எங்கள் குழந்தை’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. 1935 ஜனவரி 1-ம் தேதி நூலகத்தை அப்படியே யாழ்ப்பாண நகரசபையின் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். ஐந்தே மாதத்தில், தனி மனிதர்களின் முயற்சி ஊரின் சொத்தாக மாறிவிட்டது. அடுத்த வருடமே வாடகை அறையை விட்டு, டவுன் ஹால் பக்கத்தில் இன்னும் வசதியான இடத்துக்கு மாறியது.

அப்புறம் பதினைந்து வருடம் பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. புத்தகம் வந்தது, ஆள் வந்தது, இடம் போதவில்லை. நல்ல நூலகங்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

1949-ல் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆனது. முதல் மேயர் சாம் சபாபதி. அவருக்கு ஒரு ஆசை. ஊருக்கு நடுவே, ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒரு நூலகக் கட்டடம் வேண்டும். 1952-ல் அதற்காகக் கூட்டம் கூட்டினார். அவரோடு தோள் கொடுத்தவர் யார் தெரியுமா? புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பாதிரியார் லோங். அயர்லாந்துக்காரர்! எங்கோ பிறந்த மனிதர், இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கக் கட்டடம் வேண்டுமென்று ஓடி ஓடி உழைத்தார்.

ஆசை இருக்கிறது, உழைக்க ஆளும் இருக்கிறது. பணம்?

நான் படித்தது பி.காம். எந்தக் கதையைக் கேட்டாலும் ‘காசுக்கு என்ன செய்தார்கள்?’ என்ற கேள்விதான் எனக்கு முதலில் வரும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால்... கார்னிவல் நடத்தினார்கள். லாட்டரி போட்டார்கள்! களியாட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர், சீட்டு விழுமா என்று ஆசைப்பட்டு ஒரு ரூபா, இரண்டு ரூபா கொடுத்தவர், பிள்ளையின் தொல்லை தாங்காமல் ராட்டினத்துக்குக் காசு கொடுத்த அப்பா... இப்படிச் சேர்ந்த சில்லறையும் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. நன்கொடைகள் தனி. வெளிநாட்டு உதவியும் வந்தது. ஆனால் முதலில் கையை விட்டுத் துழாவியது அந்த ஊர் மக்களின் சட்டைப் பையில்தான்.

கட்டடத்துக்கு ப்ளான் போட சென்னையிலிருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். உள்ளே நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் இன்னும் பெரிய ஆள். எஸ்.ஆர்.ரங்கநாதன்!

சீர்காழியில் பிறந்த ரங்கநாதனை இந்திய நூலகத் துறையின் தந்தை என்பார்கள். அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். அப்புறம் உலகமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நூலகத்தை ஒரு விஞ்ஞானமாகவே மாற்றிவிட்டார். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பிய நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். புத்தகம் என்பது பூட்டிப் பாதுகாக்கும் நகை இல்லை, புழங்குவதற்கான சாமான் என்பது அவருடைய கட்சி. செல்லப்பா தன் வீட்டில் செய்ததும் அதுதானே?

1959-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் தேதி, அப்போதைய மேயர் ஆல்பிரட் துரையப்பா புதிய கட்டடத்தைத் திறந்து வைத்தார். நடுவே குவிமாடத்தோடு வெள்ளை வெளேரென்று ஒரு மாளிகை. முன்னால் வெள்ளைச் சரஸ்வதி சிலை. அதே வளாகத்தில் பாதிரியார் லோங்குக்கும் சிலை. கலைமகளும் கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரே வாசலில்! அந்த நூலகத்தின் குணத்தைச் சொல்ல இது ஒன்று போதும்.

கட்டடம் வந்த பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. 1967-ல் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி. 1971-ல் கூட்டங்களும் சொற்பொழிவுகளும் நடத்த ஒரு மண்டபம்.

இன்னொரு காரியமும் நடந்தது. ஊரில் பெரிய படிப்பாளி ஒருவர் காலமானால், அவர் சேர்த்து வைத்த புத்தகங்களை என்ன செய்வது? நம்ம வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பதினாறாம் நாள் முடிந்ததும் பழைய பேப்பர்காரர் வாசலில் தராசோடு நிற்பார். யாழ்ப்பாணத்தில் அந்தப் புத்தகங்கள் நூலகத்துக்குப் போயின. கலை மேதை ஆனந்த குமாரசுவாமி, அறிஞர் ஐசாக் தம்பையா போன்றவர்களின் சேகரிப்புகள் அங்கே வந்து சேர்ந்தன. ஓலைச் சுவடிகள் வந்தன. பழைய பத்திரிகைத் தொகுப்புகள் வந்தன. உள்ளூர் வைத்தியர்களும் நாடகக்காரர்களும் எழுதி வைத்தவை வந்தன. ‘வீட்டில் இருப்பதைவிட அங்கே இருந்தால் பத்திரமாக இருக்கும்’ என்று நம்பிக் கொடுத்தார்கள்.

பத்திரமாக இருக்கும்... இந்த நம்பிக்கையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊருக்கு இந்த நூலகம் எவ்வளவு அவசியமாக இருந்தது என்பதை இன்னொரு விஷயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்தது 1974-ல்தான். அதுவரை அங்கே ஒரு மாணவர் பாடப் புத்தகத்துக்கு மேலே எதையாவது தேடிப் படிக்க வேண்டுமென்றால், காசு கொடுத்து வாங்க வசதி இல்லையென்றால், நூலகத்தை விட்டால் வேறு வழி ஏது? அதிலும், எழுபதுகளின் தொடக்கத்தில் ‘தரப்படுத்தல்’ என்ற ஏற்பாடு வந்தது. டாக்டர், என்ஜினீயர் படிப்பில் சேர, சிங்கள மாணவர்களைவிடத் தமிழ் மாணவர்கள் அதிக மார்க் எடுக்க வேண்டும் என்று ஆனது. ஒவ்வொரு மார்க்கும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தாக இருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வாசிப்பு மேசை, ஒரு மின்விசிறி, கேட்டால் கிடைக்கிற ஒரு புத்தகம்... இதற்கெல்லாம் என்ன விலை போடுவீர்கள்?

1981-ல் புத்தகங்களின் எண்ணிக்கை சுமார் 97,000.

இப்போது அந்த 844-ஐ எடுங்கள். 47 வருடத்தில் 844 என்பது 97,000 ஆகியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். நாளுக்கு ஐந்து புத்தகத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதையும் கழிக்காமல், ஒவ்வொரு நாளும் ஐந்து! யாழ்ப்பாண நகரத்தின் ஜனத்தொகை அப்போது ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அதாவது, கிட்டத்தட்ட தலைக்கு ஒரு புத்தகம். உங்கள் ஊர் நூலகத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்களேன்.

‘ஆசியாவிலேயே பெரிய நூலகம்’ என்று சிலர் ஆவேசத்தில் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம்ம கன்னிமாராவே அதைவிடப் பெரியதுதான். ஆனால் கன்னிமாரா ஒரு மாகாணத்தின் தலைநகரத்துக்காக, அரசாங்கத்தின் பலத்தோடு வளர்ந்தது. இது ஒரு சின்ன நகரம் தானே சேர்த்தது. இதன் பெருமை அதில்தான் இருக்கிறது.

சரி, அந்த இரவுக்கு வருவோம். அதைத் தாண்டிப் போக முடியாது.

1981 ஜூன் 4-ம் தேதி மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல். அதற்கு முன்பே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மே மாதம் ஆளுங்கட்சியின் வேட்பாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தேர்தல் பாதுகாப்புக்கென்று தெற்கிலிருந்து ஏராளமான போலீஸார் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். அரசின் முக்கிய அமைச்சர்களான சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க இருவரும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். மே 31-ம் தேதி நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பொதுக்கூட்டம். அங்கே போலீஸார் மீது துப்பாக்கிச் சூடு. போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள்.

அன்றிரவே ஆரம்பித்தது வெறியாட்டம். கடைகள் எரிந்தன. கூட்டணியின் அலுவலகம் எரிந்தது. எம்.பி. யோகேஸ்வரனின் வீடு எரிந்தது. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் எரிந்தது. வீடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டு மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் தொடர்ச்சியாக நூலகத்துக்கும் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் போலீஸாரும் அவர்களோடு வந்த கும்பலும்தான் என்பதே நேரில் பார்த்தவர்களின் சாட்சியம்.

காகிதம் எவ்வளவு நேரம் எரியும்? 97,000 புத்தகங்கள் என்றால்? பத்திரிசியார் கல்லூரியில் இருந்த தாவீது அடிகள் என்ற பாதிரியார், பல மொழிகள் கற்ற தமிழறிஞர், அந்தத் தீயைப் பார்த்தார். அந்த அதிர்ச்சியிலேயே நெஞ்சு வெடித்து இறந்துபோனார். அவர் உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை.

இந்த இழப்பைச் சொல்லும்போது சிலர், ‘யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதியும் எரிந்துவிட்டது’ என்பார்கள். அது சரியில்லை. வைபவமாலை 19-ம் நூற்றாண்டிலேயே அச்சேறிய நூல், 1879-ல் ஆங்கிலத்திலேயே வந்துவிட்டது, இன்றும் கிடைக்கிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் துக்கத்துக்கு ஜோடனை எதுவும் வேண்டாம். உண்மையே தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? மறுபடியும் கணக்குப் புத்தகத்துக்குத்தான் வருகிறேன். தீ விபத்தில் ஒரு கடை எரிந்தால் நஷ்டத்தை எப்படிப் போடுவோம்? கட்டடத்துக்குத் தேய்மானம் போக ஒரு மதிப்பு இருக்கும். மேசை நாற்காலிக்கு ஒரு விலை இருக்கும். சரக்குக்கு பில் இருக்கும். கடைகளில் கிடைக்கிற புத்தகங்களை மறுபடி வாங்கிவிடலாம். அதற்கும் ஒரு தொகை எழுதலாம். ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு ஓலைச் சுவடியை எந்தப் பத்தியில் எழுதுவது? ஒரு அறிஞர் தன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்த குறிப்புக்கு என்ன மதிப்பு? ‘பத்திரமாக இருக்கும்’ என்று நம்பிக் கொடுத்த அந்த நம்பிக்கைக்கு? இவையெல்லாம் எந்த ஐந்தொகையிலும் வராத நஷ்டம். என்ன எரிந்தது என்பதுகூட முழுதாகத் தெரியாமல் போன நஷ்டம்.

அப்புறம் என்ன ஆச்சு?

பலருக்கு இந்தப் பகுதி தெரியாது. எரிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. 1982-ல் யாழ்ப்பாணத்தில் ‘நூலக வாரம்’ கொண்டாடினார்கள்! வீடு வீடாகப் புத்தகம் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. யோசித்துப் பாருங்கள்... கொடுத்ததெல்லாம் சாம்பலாகிப் போன ஊர். ‘இனிமேல் எதற்கு?’ என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் யாராவது குறை சொல்ல முடியுமா? மறுபடியும் கொடுத்தார்கள். 1934-ல் செய்ததையே திரும்பவும் செய்தார்கள்.

இடையில் 1983 ஜூலை கலவரம் வந்தது. யுத்தம் தொடங்கியது. அப்படியும் 1984-ல் நூலகத்தின் ஒரு பகுதியைச் சீர்செய்து நிமிர்த்திவிட்டார்கள். விதி விடவில்லை. நூலகம் இருக்கும் இடம் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கம். கோட்டைக்குள் ராணுவம், வெளியே போராளிகள். நடுவில் மாட்டிக்கொண்டது புத்தகக் கட்டடம். 1985-ல் போலீஸ் நிலையம் ஒன்று தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, நூலகத்துக்குள் நுழைந்த ராணுவம் வைத்த குண்டுகளில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் மறுபடியும் சிதறின. அதோடு அது கைவிடப்பட்டது. சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டையோடும், மேலே பழைய புகைக் கறையோடும் வருடக்கணக்கில் நின்றது.

1990-களின் பிற்பகுதியில் சந்திரிகா குமாரதுங்க அரசாங்கம் அதை மறுபடி கட்ட முன்வந்தது. ஆளுக்கொரு புத்தகம், ஆளுக்கொரு செங்கல் என்று நாடு முழுக்க இயக்கம் நடத்தினார்கள். தெற்கிலிருந்த சிங்கள மக்களும் கொடுத்தார்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு வாதம் எழுந்தது. ‘கறையை வெள்ளையடித்து மறைக்கப் பார்க்கிறார்கள். எரிந்த கட்டடம் அப்படியே நிற்கட்டும். அதுதான் சாட்சி. புதிய நூலகத்தை வேறு இடத்தில் கட்டுங்கள்’ என்றார்கள் ஒரு தரப்பினர். ‘அதெல்லாம் இருக்கட்டும், நம்ம பிள்ளைகள் இப்போது எங்கே போய்ப் படிப்பது?’ என்றார்கள் இன்னொரு தரப்பினர்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள்?

2001-ல் கட்டடம் தயார். பழைய தோற்றத்திலேயே, அதே குவிமாடம், அதே வெள்ளை. 2003 பிப்ரவரியில் திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். புலிகள் எதிர்த்தார்கள். விழாவைத் தள்ளிப் போடும்படி வந்த நெருக்கடியைக் கண்டித்து, மேயர் செல்லன் கந்தையனும் மாநகரசபை உறுப்பினர்களும், மொத்தம் 23 பேர், பதவி விலகுவதாக அறிவித்தார்கள். ஒரு நூலகத்தைத் திறக்க முடியவில்லையே என்று ஒரு சபையே ராஜினாமா செய்வதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிறகு ஒருவழியாக நூலகம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1959-ல் இதே கட்டடத்தைத் திறந்து வைத்த துரையப்பா இதில் எதையும் பார்க்கவில்லை. 1975 ஜூலையில் அவரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். யாழ்ப்பாணத்தின் கதையில் ஒரு நல்ல தேதியைத் தொட்டால் பக்கத்திலேயே ஒரு ரத்தக் கறை தட்டுப்படும்.

நூலகத்தை எரித்ததற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2016 டிசம்பரில், அப்போது பிரதமராக இருந்த ரணில் விக்ரமசிங்க நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். எரிந்தபோது ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி. அவரும் அப்போது அமைச்சர். 35 வருடம் கழித்து ஒரு மன்னிப்பு. தாமதம்தான். ஆனால் அந்த வார்த்தை நாடாளுமன்றத்திலேயே பதிவாகியிருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. 2005-ல் சில இளைஞர்கள் சேர்ந்து ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துப் புத்தகங்கள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், சுவடிகள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். ஆளாளுக்குக் கொடுக்கிற நன்கொடையிலும் உழைப்பிலும் நடக்கிறது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. எரிந்த 97,000-ஐத் தாண்டிவிட்டார்கள்! போன சுவடிகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் இந்தத் தடவை, ஒரு தீக்குச்சியால் மொத்தத்தையும் அழித்துவிட முடியாது.

செல்லப்பா வீட்டு அலமாரி, ஆஸ்பத்திரி வீதி அறை, குவிமாடக் கட்டடம், நூலக வாரம், மறுபடி கட்டடம், இப்போது இணையம். ஒவ்வொரு தடவையும் சாதாரண ஜனங்கள் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். எரித்தவர்களின் கதை ஒன்றிரண்டு ராத்திரியில் முடிந்துவிடுகிறது. சேர்த்தவர்களின் கதை 1933-லிருந்து இன்னும் முடியவில்லை. நாம்தான் முதல் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டில் சொத்து வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஆலோசனை சொன்ன அதே ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. வாடகை வீட்டில் இருந்தாலும் கவலை வேண்டாம். வீட்டுக்காரர் அதை உங்கள் வாடகையில் சேர்த்து வாங்கியிருப்பார்! ஆக, கார்னிவல் இல்லாமல், லாட்டரி இல்லாமல், உங்கள் ஊர் நூலகத்துக்கு வருடா வருடம் நீங்களும் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கடைசியாக எப்போது அங்கே போனீர்கள்?